அவள் போட்ட கையெழுத்து

என் மாமிக்கு, அதாவது மனைவியின் அம்மாவுக்கு, என்மேல் ஒரு வருத்தம் உண்டு. மற்ற எல்லாவற்றிலும் பெற்ற மகனைப்போலத்தான் நடத்துவார். மீன்குழம்பு வைத்தால் எனக்கென்று தனியாகத் தூக்குவாளியில் வந்துவிடும். ஆனால் ஆஸ்பத்திரிப் பேச்சு எங்கே கிளம்பினாலும், அது யார் வீட்டுக் கதையாக இருந்தாலும், கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்பார். "தலையப் பிளக்கப் போறாவன்னு தெரிஞ்சும் அந்தப் பிள்ளை கையிலயே பேனாவக் குடுத்தியளே மக்களே. நீங்க போட்டா ஆகாதா? நானில்லையா, அண்ணன்காரன் இல்லையா?" என் மனைவிக்குத் தலையில் ஆபரேஷன் நடந்தபோது சம்மதப் படிவத்தில் அவளையே கையெழுத்துப் போடச் சொன்னதைத்தான் சொல்கிறார். நான் பதில் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தக் கேள்வி மாமிக்கு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. இப்போது தெரிந்தவர் வீடுகளில் யாருக்காவது பெரிய ஆபரேஷன் என்றால் என்னைத் தேடி வருகிறார்கள். செலவு எவ்வளவு, எந்த ஆஸ்பத்திரி என்றெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கிளம்பும்போது வாசலில் நின்று குரலைத் தணித்து இன்னொன்று கேட்பார்கள்: "அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லணுமா?" அதற்கான பதிலைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

மனைவிக்குத் தையல் தொழில். இரணியல் பக்கம் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. கல்யாண சீசனில் ராத்திரி பதினொரு மணிவரை மிஷின் சத்தம் கேட்கும். கால்மிதி மிஷின் ஓட்டியவர்களுக்குத் தெரியும், பாதத்தின் முன்பாகமும் குதிகாலும் மாறி மாறி அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கணம் பிசகினால் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி நூல் அறுந்துவிடும். அவளுக்கு நூல் அறுந்துகொண்டே இருந்தது. முதலில் நூலைத் திட்டினாள், அப்புறம் ஊசியை மாற்றினாள், அப்புறம் மிஷினுக்கு எண்ணெய் போட்டாள். பிறகு வலது கால் செருப்பு கழன்று விழுவது தெரியாமலே நாலடி நடந்துபோக ஆரம்பித்தாள். காலில் குறை என்றால் இடுப்பைத்தானே பார்ப்பார்கள். இடுப்பில் ஸ்கேன் எடுத்தார்கள். தட்டு சற்றுப் பிதுங்கியிருந்தது. பெல்ட் போட்டார்கள், இழுவை வைத்தார்கள். படுத்து எழுந்தவளுக்கு நடை இன்னும் மோசமானது.

கடைசியில் தைலம் போடலாம் என்று தக்கலைப் பக்கம் ஒரு வர்ம ஆசானிடம் கூட்டிப்போனோம். வயதானவர். இடுப்பைத் தொடவே இல்லை. பாதத்தைக் கையில் பிடித்துச் சட்டென்று மேலே தள்ளினார். பாதம் தானாகவே துள்ளித் துள்ளி ஆடியது. திரும்பவும் செய்துபார்த்தார். "இது துவளுத கால் இல்ல, வெறைக்குத கால். காரியம் கீழ இல்ல. தலைய ஒரு படம் எடுத்துப் பாருங்க" என்றார். தைலமும் தரவில்லை, பணமும் வாங்கவில்லை. தலையில் எடுத்த படத்தில், உச்சிவகிடுக்குச் சற்று இடது பக்கமாக, மூளையை மேலிருந்து அழுத்திக்கொண்டு ஒரு கட்டி இருந்தது. மெனிஞ்சியோமா. மூளையைச் சுற்றியுள்ள உறையிலிருந்து கிளம்புவது. 1922-ல் ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் வைத்த பெயர் அது. பெரும்பாலும் புற்றுநோய் வகை இல்லை, மெதுவாக வளரும், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும். வலது காலை ஆட்டி வைக்கும் பகுதி மூளையில் இடது பக்க உச்சியில், நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது. கட்டி அங்கேயே உட்கார்ந்ததால்தான் செருப்பு கழன்றது.

டாக்டர் யாரைப் பார்த்துப் பேசினார்

நாகர்கோவிலில் நாங்கள் பார்த்த நரம்பியல் அறுவை மருத்துவர் நல்ல மனிதர். அவருக்கு நாங்கள் பட்ட கடன் தீராது. ஆனால் முதல் நாள் அவரும் வழக்கப்படிதான் ஆரம்பித்தார். படத்தை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு என்னையும் மச்சானையும் பார்த்து, "அவங்க கொஞ்சம் வெளிய இருக்கட்டுமே" என்றார். மாமி உடனே எழுந்து மகளின் கையைப் பிடித்தார். அவள் எழுந்திருக்கவில்லை. "எனக்க தலைதானே டாக்டர். நான் இருக்கேன்" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. டாக்டர் ஒரு நிமிடம் அவளைப் பார்த்தார். பிறகு தன் நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து அவளிடம் சொல்ல ஆரம்பித்தார்.

அவள் ஏன் எழுந்திருக்கவில்லை என்பதற்கு ஒரு பின்கதை உண்டு. அவளுடைய அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய். அவள் பள்ளிப்படிப்பை முடித்திருந்த சமயம். வீட்டில் அத்தனை பேருக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும், அவருக்கு மட்டும் சொல்லவில்லை. "குடல்புண்ணு, ஆறிரும்" என்று சொல்லிவைத்திருந்தார்கள். மாமாவுக்குக் கொடுக்கல் வாங்கல் நிறைய உண்டு. எல்லாம் ஒரு நீள நோட்டில் அவருக்கு மட்டும் விளங்கும் சுருக்கெழுத்தில் இருக்கும். படுக்கையில் இருந்துகொண்டு அந்த நோட்டைக் கேட்டிருக்கிறார். கேட்டபோதெல்லாம், "இப்ப என்ன அவசரம், எழும்பி வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டார்கள். நோட்டைக் கையில் கொடுத்தால் தனக்கு நாள் இல்லை என்று தெரிந்துவிடுமாம். மாமி இன்றைக்கும் சொல்வார், "மனுஷன் ஒண்ணும் அறியாம சமாதானமாப் போய்ச் சேர்ந்தாவ" என்று. மகள் வேறு சொல்கிறாள். ஒருநாள் அவள் மட்டும் தனியாக இருந்தபோது அப்பா அவளைக் கூப்பிட்டு, "நோட்டுல ஒம்பதாம் பக்கம் உள்ளது அம்மைக்கத் தங்கச்சிக்குக் குடுக்க வேண்டிய துட்டு, மறந்துராத" என்று சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, "இத நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லாண்டாம், பயந்துருவா" என்றாராம். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வீட்டார் நடித்ததால் அவரும் கூட நடித்திருக்கிறார். சாகப்போகிற மனிதனுக்கு அந்த வேலையும் சேர்ந்துகொண்டது. இதை என்னிடம் கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருக்கிறாள்.

மாமியைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வராது. அவர் வளர்ந்த காலமும் இடமும் அப்படி. எங்கள் மாவட்டத்துக்குப் பெரிய மருத்துவம் வந்த வழி நெய்யூர் வழி. லண்டன் மிஷன் அங்கே 1838-ல் மருத்துவப் பணியைத் தொடங்கியது. பின்னாளில் அங்கே வந்தவர்தான் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன குழுக்களில் இருந்தவர், அதற்குப் பிறகு வாழ்க்கையின் பெரும்பகுதியைத் திருவிதாங்கூரின் இந்த மூலையில் வயிற்றுப்புண்காரர்களுக்கு ஆபரேஷன் செய்து கழித்தார். மாமியின் தகப்பனார் அவர் கையால் பிழைத்து எழுந்தவர் என்பது குடும்பத்தில் பெரிய பெருமை. "துரை வந்து தொட்டுப் பாத்தாராம். நாளைக்குக் காலத்த கீறணும்னாராம். சரின்னாவளாம். கேள்வி ஆரு கேட்டா?" என்று மாமி சொல்லும்போது அந்தக் குரலில் இருக்கும் நன்றியை நான் மதிக்கிறேன். கீறினால் பிழைக்கலாம், கீறாவிட்டால் சாவு என்ற நிலையில் கேட்க அதிகம் இருந்திருக்காது. இன்றைக்கு நிலைமை அப்படியா? ஒரே கட்டிக்கு மூன்று நான்கு வழி இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒன்று போகும், ஒன்று மிஞ்சும். எது போனாலும் பரவாயில்லை என்று சொல்லக்கூடியவர் யார்?

என் மனைவியின் கட்டியில் அந்தக் கேள்வி நேராகவே வந்தது. டாக்டர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். "நடு வகிடுக்குக் கீழ எலும்பை ஒட்டி ஒரு பெரிய ரத்தக்குழாய் ஓடுது. நம்ம ஊரு சானல் மாதிரி வச்சுக்கங்க. ரெண்டு பக்கத்து ஓடைத் தண்ணியும் அதுலதான் வந்து விழும். முன்பக்கத்துல அடைச்சாக்கூடச் சமாளிச்சிடலாம். உங்களுக்குக் கட்டி ஒட்டியிருக்கிறது நடுவுல. அங்க அடைபட்டா ஓடைத் தண்ணி போக வழியில்லாம மூளை வீங்கும். கால் போகலாம், அதுக்கு மேலயும் ஆகலாம்." கட்டியின் பெரும்பகுதியை எடுத்துவிடலாம், குழாயின் சுவரில் ஒட்டியிருக்கும் துண்டுதான் சிக்கல், உள்ளே போய்ப் பார்த்தால்தான் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று தெரியும் என்றார். துண்டை விட்டுவிட்டால் என்ன என்று அவள் கேட்டாள். அவர் மழுப்பவில்லை. சிம்சன் என்பவர் 1957-ல் எழுதிய பழைய கணக்கைச் சொன்னார். வேரோடு முழுதாக எடுத்தவர்களில் நூற்றுக்கு 9 பேருக்குக் கட்டி திரும்ப வந்தது, ஒரு பகுதியை விட்டுவைத்தவர்களில் 44 பேருக்கு வந்தது. அது ஸ்கேன் இல்லாத காலத்துக் கணக்கு, இப்போது மிச்சத்தைப் படம் எடுத்துக் கண்காணிக்கலாம், வளர்ந்தால் கதிர்வீச்சு கொடுக்கலாம், ஆனாலும் விட்டுவைத்தால் திரும்ப வர வாய்ப்பு அதிகம் என்பது மாறவில்லை என்றார்.

மச்சான் உடனே, "அப்ப முழுசா எடுத்துருங்க டாக்டர், மிச்சம் வைக்காண்டாம்" என்றார். அவருடைய தவிப்பு அது. ஒரே தங்கை. அவள் திரும்பி அண்ணனைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் சொன்னாள். "எனக்கு எனக்க கால் வேணும் டாக்டர். நான் மிஷின் ஓட்டணும். உயிருக்கு மோசம்னா காலப் பாக்காண்டாம். மத்தபடி மிச்சம் இருந்தா இருக்கட்டும், பொறவு பாத்துக்கிடலாம்."

படிவம்

சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. நர்ஸ் அதை என்னிடம்தான் நீட்டினார். நான் வாங்கி அவளிடம் கொடுத்தேன். அதைத்தான் மாமி இன்றுவரை சொல்கிறார். "ஹஸ்பண்ட் சைன் போதும்" என்றார் நர்ஸ். அவர் பேரில் தப்பில்லை, அவர் பார்த்த வழக்கம் அது. டாக்டரின் உதவியாளராக இருந்த இளம் பெண் ஒருவர் வந்து வரிவரியாகத் தமிழில் சொன்னார். மயக்கமருந்து, ரத்தம் ஏற்றுவது, வலிப்பு வரலாம், கிருமி தாக்கலாம், கால் போகலாம், உயிர் போகலாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கையெழுத்துப் போடுமுன் கீழே கொஞ்சம் எழுதலாமா என்று கேட்டாள். எழுதலாம் என்றார்கள். பாவாடைத் துணியில் சாக்குக்கட்டியால் அளவு குறிப்பதுபோலச் சின்னச் சின்ன எழுத்தில், கோணாமல் எழுதினாள். "உயிரைக் காக்கக் காலை விட வேண்டி வந்தால் விடலாம். கட்டியை முழுதாக எடுப்பதற்காக மட்டும் காலை விட வேண்டாம்." அதற்குக் கீழே கையெழுத்து. சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன்.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ல் கொண்டுவந்த நடத்தை விதிகளில், ஆபரேஷனுக்கு முன் யாரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்று ஒரு வரி வருகிறது. கணவனோ மனைவியோ, சிறுவர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ, அல்லது நோயாளி தானோ என்று போகிறது அந்த வரி. அந்த வரிசையில் நோயாளி கடைசியில் நிற்கிறார். படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஆனால் 2008-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. ஒரு பெண் பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்து மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே நின்ற தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய வயதுவந்தவருக்கு வேறு யாரும் சம்மதம் சொல்ல முடியாது, உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் மட்டும் விதிவிலக்கு, அந்தத் தாயாரின் சம்மதம் செல்லாது என்று தீர்ப்பானது. பெற்ற தாய் போட்டதே செல்லாது என்றால் புருஷன் போட்டது எப்படிச் செல்லும்? சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் வார்டில் பேனா கணவன் கைக்குத்தான் வருகிறது. ஆண்களுக்கு ஆபரேஷன் என்றாலும் இதே கதைதான். வயதான அப்பாக்களை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு மகன்கள் உள்ளே போய்ப் பேசுவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

முந்தின நாள் சாயங்காலம் முடி வெட்ட ஆள் வந்தார். கட்டி இருக்கும் பக்கத்தை மட்டும் மழித்தால் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். "முழுசா எடுத்துருங்க அண்ணாச்சி. பாதி இருந்தா பாக்குறவங்க எல்லாம் என்னன்னு கேப்பாங்க. முழுசாப் போனா திருச்செந்தூர் மொட்டைன்னு நெனச்சுக்கிடுவாங்க" என்றாள். வளையல்களைக் கழற்றுவதுதான் பாடாகிவிட்டது. மருந்தில் கை வீங்கியிருந்தது. நான் சோப்புத் தண்ணீர் விட்டு ஒவ்வொன்றாக இறக்கினேன். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன அவளுடைய இடதுகை ஆள்காட்டிவிரல் நுனியை அன்றைக்குத்தான் அவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தாலியைக் கழற்றும்போது மாமி எழுந்து வெளியே போய்விட்டார். அதை ஒரு கைக்குட்டையில் முடிந்து என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

கதவுக்கு வெளியே

காலை ஏழு மணி வாக்கில் தள்ளுவண்டியில் கூட்டிப்போனார்கள். தியேட்டர் கதவுக்கு எதிரே இரும்பு நாற்காலி வரிசை. மாமி கதவு மூடிய அந்த நிமிடத்திலிருந்தே மகளின் தலையில் கத்தி இறங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டார். மண்டைக்காட்டம்மைக்கு மண்டையப்பம் நேர்ந்துகொண்டார். தலைநோவுக்கெல்லாம் அங்கே வைக்கும் நேர்ச்சை அது. கண்ணை மூடிக்கொண்டு உதடு மட்டும் அசைய உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த முதல் மணிநேரங்கள் அப்படிப் போகவில்லை. டாக்டர் அவளிடம் படிப்படியாகச் சொன்னபோது நானும் கூட இருந்து கேட்டிருந்தேன். முதலில் மயக்கமருந்து, பிறகு கழுத்திலும் கையிலும் குழாய் வைப்பது, பிறகு தலை இம்மிகூட அசையாதபடி மூன்று முள் உள்ள பிடியில் இறுக்குவது, படத்தை வைத்து இடம் குறிப்பது. இதற்கே ஒன்றரை மணிநேரம் போய்விடும். அப்புறம்தான் தோல், எலும்பு, உறை. எலும்பை வட்டமாக எடுத்துப் பத்திரமாக வைத்து, முடிவில் திரும்பப் பொருத்தித் தகடு போடுவார்கள். இதெல்லாம் தெரிந்திருந்ததால் எட்டரை மணிக்கு நான் பதறவில்லை. மாமியிடம் போய், "இன்னும் ஆரம்பிச்சிருக்க மாட்டாங்க மாமி, ஒரு கடுங்காப்பி குடிங்க" என்று சொல்ல முடிந்தது. அவர் குடிக்கவில்லை. விவரம் தெரிந்தால் பயம் கூடும் என்பார்கள். எனக்கு அது குறைந்தது. தெரியாமல் உட்கார்ந்திருந்த மாமிக்குத்தான் ஒவ்வொரு நிமிடமும் கத்தியாக இருந்தது.

பக்கத்து நாற்காலியில் குளச்சல் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா இருந்தார். மகன் ராத்திரி பைக்கில் வரும்போது மதில் சுவரில் மோதியிருக்கிறான். ஹெல்மெட் இல்லை. வந்ததிலிருந்து நினைவில்லை. வீட்டுக்காரர் நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடலுக்குப் போயிருந்தார், போனில் கிடைக்கவில்லை. இளம் டாக்டர் ஒருவர் வந்து நின்றபடியே விளக்கினார். மூளை வீங்குகிறது, எலும்பைத் திறந்து இடம் கொடுக்க வேண்டும், எடுத்த எலும்பை உடனே திரும்ப வைக்க முடியாது, வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்திருந்து வீக்கம் வடிந்த பிறகு சில மாதம் கழித்து எடுத்துப் பொருத்துவோம், கையெழுத்து வேண்டும். அந்த அம்மா ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, "எலும்ப வயித்துக்குள்ளயா வைப்பிய?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். டாக்டர் படிவத்தைக் கொடுத்துவிட்டு, "சீக்கிரம் அம்மா" என்று உள்ளே போனார். அந்த அம்மா நாற்காலியில் இருந்த ஒவ்வொருவரையும் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார். "மக்களே, போடலாமா? அவன் அப்பன் வந்து ஏன் போட்டேன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

டாக்டர் சொன்னதையே நான் மெதுவாக ஒருமுறை திரும்பச் சொன்னேன். எலும்பு கெடாமல் இருக்கத்தான் வயிற்றில் வைக்கிறார்கள், அதுவும் அவன் உடம்புதானே என்றேன். கேட்டுக்கொண்டார். பேனாவை வாங்கினார். முதலெழுத்தைப் போட்டுவிட்டு நிறுத்தி, "அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்க முடிஞ்சா" என்றார். பிறகு மிச்சத்தைப் போட்டார். அந்தக் கை நடுங்கிய நடுக்கத்தை நான் மறக்கவே முடியாது. பிள்ளை பேச முடியாமல் கிடக்கும்போது தாய் போட்டுத்தான் ஆகவேண்டும், வேறு வழியில்லை. அந்தச் சுமையை அவர் கேட்டு வாங்கவில்லை, அது அவர்மேல் வந்து விழுந்தது. பேசக்கூடிய, கேட்கக்கூடிய, தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த ஒருவர் உள்ளே படுத்திருக்கும்போது அதே சுமையை நாமே வலிய எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறோமே, எதற்கு? அன்பு என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். எனக்கு அன்று அந்த நாற்காலியில் அது அன்பாகத் தெரியவில்லை.

நடுப்பகல் தாண்டியிருக்கும். கதவு பாதி திறந்து, "பைஸ்டாண்டர் ஆரு?" என்று என் மனைவியின் பெயரைச் சொல்லி விளித்தார்கள். நேரத்துக்கு முன்னால் கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். வரிசை முழுவதும் எங்களையே பார்த்தது. படிவத்தைத் தமிழில் சொன்ன அந்தப் பெண் மருத்துவர்தான், முகக்கவசத்தை இறக்கிவிட்டு நின்றார். "பயப்பட ஒண்ணும் இல்ல. கட்டியில பெரும்பகுதி எடுத்தாச்சு. குழாய் சுவருல நெனச்சதவிட அதிகமா ஒட்டியிருக்கு. குழாய் இன்னும் பாதி திறந்துதான் இருக்கு. அதையும் எடுக்கணும்னா குழாயத் திறந்து ஒட்டுப் போடணும். எடுத்தா முழுசும் போயிடும், ஆனா காலுக்கு ரிஸ்க் உண்டு. அவங்க எழுதினபடி சார் நிறுத்தப் போறார். உங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார்."

மச்சான் என் தோளுக்குப் பின்னால் நின்று, "எடுத்துரச் சொல்லுங்க. பொறவு இன்னொருக்கத் திறக்கணுமா? எடுத்துரச் சொல்லுங்க" என்றார். அவர் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. மாமி என் கையைப் பிடித்திருந்தார். அந்த நேரத்தில் என்னிடம் மட்டும் முடிவை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். 44 என்ற எண் என் தலைக்குள் ஓடியது. மச்சான் அழுகிறார். முழுதாகப் போய்விடும் என்ற சொல்லுக்கு வெளியே நிற்பவர்களிடம் ஒரு பெரிய இழுப்பு உண்டு. கால் எங்களுடையது இல்லை. எங்களுக்கு அவள் வேண்டும், எப்படியாவது, எந்த நிலையிலாவது வேண்டும். அவளுக்கோ அவளுடைய கால் வேண்டும், மிஷின் வேண்டும். இந்த இரண்டும் வேறுவேறு ஆசைகள். வெளியே நிற்பவன் எவ்வளவு நேசித்தாலும் தன் ஆசையைத்தான் சொல்வான். நான் அதைச் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. அவள் சொல்லி வைத்திருந்தாள், எழுதியும் வைத்திருந்தாள். "அவ எழுதினதுதான் டாக்டர்" என்றேன். அவர் தலையசைத்தார், கதவு மூடியது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது என் நெஞ்சில் எந்தப் பாரமும் இல்லை. காத்திருப்பது மட்டும்தான் என் வேலையாக மிஞ்சியிருந்தது. அதை என்னால் எத்தனை மணிநேரம் வேண்டுமானாலும் செய்ய முடியும் என்று தோன்றியது.

அதன் பிறகு

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்தார். தொப்பியின் விளிம்பு நெற்றியில் அழுந்திச் சிவந்திருந்தது. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துண்டு குழாயை ஒட்டி விட்டிருக்கிறோம் என்றார். தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளைப் பார்த்தபோது முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. பேரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், என் கையை இறுக்கினாள். வலது பாதம் அசையவில்லை. மாமி வெளியே வந்ததும், "இதுக்கா மிச்சம் வச்சது?" என்று கேட்டுவிட்டு அழுதார். அவளுக்கும் அது தெரிந்தது. டாக்டர் அவளிடமே சொன்னார், மூளையைத் தொட்டு வேலை செய்திருக்கிறோம், அந்த வீக்கம் வடிய வேண்டும், திரும்பும் என்றுதான் எதிர்பார்க்கிறேன், உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்று. அவள், "சரி டாக்டர்" என்றாள்.

கால் திரும்பியது. முதலில் பெருவிரல், பிறகு கணுக்கால், மெதுவாக. பயிற்சி கொடுக்க வந்த பெண் சொன்னதை எல்லாம் வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு செய்தாள். இதை எழுதும்போது ஒன்றை விட்டுவிடக் கூடாது. கால் திரும்பாமலே போயிருந்தாலும் நான் இதே கட்டுரையைத்தான் எழுதியிருப்பேன். அவள் சொன்னது பலித்ததால் அவளைக் கேட்டது சரி என்று நான் சொல்லவில்லை. பலிக்காமல் போயிருந்தால் அந்த இழப்பு அவள் அறிந்து ஏற்ற இழப்பாக இருந்திருக்கும். யாரோ எடுத்த முடிவின் மிச்சத்தோடு அவள் வாழ வேண்டியிருந்திருக்காது. மாமியிடம் ஒருமுறை இதைச் சொல்லிப் பார்த்தேன். "உங்களுக்கு வாய் இருக்கு மக்களே" என்று எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார்.

அதனால், என்னிடம் வந்து வாசலில் நின்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அவரை உள்ளே கூட்டிப்போங்கள். டாக்டர் உங்களைப் பார்த்துப் பேசினால் உங்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள். நடுவில் பிரச்சினை வந்தால் எதை விட்டு எதைக் காக்க வேண்டும் என்று அவர் வாயாலேயே டாக்டரிடம் சொல்ல வையுங்கள். படிவத்தில் எழுத இடம் இருக்கும், தமிழில் எழுதலாம். எல்லாம் தெரிய வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரே சொன்னால் அதுவும் அவருடைய முடிவு, அதை மதியுங்கள். ஆனால் அதை அவர் சொல்ல வேண்டும்.

இப்போது வருஷத்துக்கு ஒருமுறை ஸ்கேன். போன தடவை எடுத்த படத்தில் அந்தத் துண்டு சற்று வளர்ந்திருக்கிறது. டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவளிடம் காட்டினார். ஒரே இடத்தில் குவித்துக் கொடுக்கும் கதிர்வீச்சுக்குப் போகலாம், வளர்ச்சியை அது பெரும்பாலும் நிறுத்தும், ஆனால் சில மாதம் வீக்கம் வந்து கால் பலவீனம் தலைகாட்டலாம். அல்லது இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம், அதற்குள் பெரிதாக எதுவும் ஆகிவிடாது என்றார். மச்சானுக்கு நாளைக்கே கூட்டிப்போக வேண்டும். எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான். அவள் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்து, ஆவணியில் பத்து கல்யாணத்துக்குத் துணி எடுத்து வைத்திருக்கிறேன், அதைத் தைத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றாள். டாக்டர் புரட்டாசியில் ஒரு தேதி குறித்துக் கொடுத்திருக்கிறார்.